ஓட்டுச் சீட்டும் சந்தாச் சீட்டும்

ஜொகூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தோட்டத்தையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் நாமும் வெளியிடவில்லை. கடிதத்தின் சாரம் இதுதான்:

“ஐயா, லயத்துல இப்போ ஒரே பேச்சா இருக்கு. ‘அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஓட்டுப் போடுறோம். ஜெயிச்சுப் போனவங்ககிட்ட கேட்டா நடக்காதா? மாசா மாசம் சங்கத்துக்கு வேற ஏன் அழணும்?’ அப்படின்னு இளவட்டங்க கேக்குறாங்க. பத்துப் பதினஞ்சு பேரு சந்தாவ நிறுத்தப் போறதா சொல்லிக்கிட்டு இருக்காங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நீங்க சொல்லுங்க.”

நியாயமான கேள்வி. ஓட்டுரிமை வந்த பிறகு சங்கம் எதற்கு? ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் யாருக்கும் திருப்தி ஏற்படாது. ஆகவே இந்த வாரம் தோழர்களை ஜொகூர்க் கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறோம். வெள்ளைக்காரன் ஆட்சியிலிருந்து மக்கள் ஆட்சிக்கு அந்த ஊர் மாறிய இருபது வருடங்களில், ஓட்டுச் சீட்டும் சந்தாச் சீட்டும் தொழிலாளியின் கையில் என்ன பாடுபட்டன என்பதைப் பார்த்தாலே இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

தேக்காவில் இருந்த லயங்கள்

சிங்கப்பூர் போய் வந்த தோழர்களுக்குத் தேக்காவைத் தெரிந்திருக்கும். சிராங்கூன் ரோடு, வீரமாகாளியம்மன் கோயில், பஃபலோ ரோடு, ரேஸ் கோர்ஸ் ரோடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் தலையே தலையாகத் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த பிள்ளைகள் புல்தரையில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள்.

அதே தேக்காவில் முந்திய காலத்தில் வாழ்ந்தவர்கள் முனிசிபல் கூலிகள். ரோடு போட்டவர்கள், தெருக் கூட்டியவர்கள், தண்ணீர்க் குழாய் புதைத்தவர்கள், சாக்கடை வாரியவர்கள் என்று அந்த வேலைகளில் பெரும் பகுதி நம்மவர்களுடையது. சிராங்கூன் ரோட்டை ஒட்டி முனிசிபல் லயன்கள் இருந்தன. ஒரே அறை, பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ். தோட்டத்து லயத்தைப் பெயர்த்துப் பட்டணத்தில் வைத்தது போலத்தான். தோட்டத்தில் துரை, அங்கே முனிசிபல் இஞ்சினியர். இங்கே பெரட்டு, அங்கேயும் காலைப் பேர் கூப்பிடுதல். வேலைக்கு வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. ‘தினக்கூலி’ என்ற பட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

சிங்கப்பூரிலும் தோட்டங்கள் இருந்தன. செம்பாவாங், நீ சூன் பக்கமெல்லாம் அப்போது ரப்பர்க் காடு. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஆகவே அந்த ஊர்த் தொழிலாளியின் கதை நமக்கு அன்னியமானதல்ல. அண்ணன் தம்பி கதைதான்.

யுத்தம் முடிந்தது, பசி முடியவில்லை

1945 செப்டம்பரில் ஜப்பான்காரன் சரணடைந்தான். அவன் அச்சடித்த வாழைமர நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதமாகிப் போனது. அரிசிக்கு ரேஷன். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட தோட்டத் தமிழர்களில் திரும்பி வந்தவர்கள் நடைப்பிணமாக வந்தார்கள். பலர் வரவே இல்லை.

திரும்பி வந்த வெள்ளைக்கார சர்க்கார் பழைய கூலியையே கொடுக்கப் பார்த்தது. 1945 அக்டோபரில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சுமார் 7,000 தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். 1946 ஜனவரி 29, 30 தேதிகளில் சிங்கப்பூர் முழுவதும் பொது வேலை நிறுத்தம் நடந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்தார்கள். சீனர், தமிழர், மலாய்க்காரர் என்ற பேதம் அன்று இல்லை.

அந்த அலையில்தான் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம் எழுந்தது. அதன் தலைவராக இருந்தவர் எஸ்.ஏ.கணபதி. சிங்கப்பூர்த் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் வீரசேனன். இரண்டு பேரும் தமிழர்கள். நம் தோட்டத்துப் பெரியவர்கள் இந்த இரண்டு பெயரையும் நீண்ட காலம் தாழ்ந்த குரலில்தான் சொல்லி வந்தார்கள்.

ஏன் தாழ்ந்த குரல்? 1948 ஜூன் 18ஆம் தேதி மலாயாவிலும், 24ஆம் தேதி சிங்கப்பூரிலும் அவசரகாலச் சட்டம் வந்தது. துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, இந்திய அரசாங்கம் கருணை காட்டும்படி கேட்டும் கேளாமல், 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள்தான் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர்கள் தேர்ந்த அரசியல் பாதை சரியா, தப்பா என்ற வாதத்துக்குள் நாம் இப்போது போகவில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவசரகாலச் சட்டம் வருவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே மலாயாவில் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டும்தான் சம்மேளனமாகச் சேரலாம். சங்க நிர்வாகி அந்தத் தொழிலில் மூன்று வருடமாவது வேலை செய்திருக்க வேண்டும் என்பது திருத்தம். அதோடு அகில மலாயா சம்மேளனத்தின் பதிவும் போயிற்று. சட்டப் புத்தகத்தில் இரண்டு வரி மாறினால் ஒரு பெரிய சங்கமே இல்லாமல் போகலாம் என்பதைத் தொழிலாளி அன்றே கண்டுகொண்டான்.

அந்தச் சட்டத்தை எழுதிய சபையில் அவனுக்கு ஓட்டு இருந்ததா? சிங்கப்பூரில் 1948 மார்ச்சில் நடந்த முதல் தேர்தலில் 22 பேர் கொண்ட சட்டசபைக்கு 6 பேரைத்தான் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டிஷ் பிரஜைகள் மட்டுமே ஓட்டுப் போடலாம். பதிவு செய்துகொண்டவர்கள் ஏறக்குறைய 23,000 பேர். ஊரில் இருந்ததோ பத்து லட்சத்தை நெருங்கும் ஜனம்!

தபால்காரர்கள் காட்டிய வழி

பெரிய சங்கங்கள் ஒடுங்கிப் போன காலத்தில் சின்னதொரு சங்கம் வழி காட்டியது. 1952 மே மாதம் சிங்கப்பூர்த் தபால்காரர்கள் சுமார் 500 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். மலாய்க்காரர்களும் இந்தியர்களும்தான் அதில் மிகுதி. இரண்டு வாரம் ஊரில் கடிதப் போக்குவரத்து நின்றது. கல் எறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. சங்கத்துக்குச் சட்ட ஆலோசகராக வந்து நின்றவர் சீமையில் படித்துத் திரும்பியிருந்த 28 வயது வக்கீல் லீ குவான் இயூ. பத்திரிகையில் அவர்களுக்காகப் பேனா பிடித்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ்.ராஜரத்தினம். தபால்காரர்கள் ஜெயித்தார்கள்.

அவர்களோடு இளம் வக்கீலும் ஜெயித்தார். ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கங்கள் அவரைத் தேடி வந்தன. 1954 நவம்பர் 21ஆம் தேதி மக்கள் செயல் கட்சி பிறந்தபோது அதைக் கூட்டியவர்களில் தபால்காரர் சங்கத்தவரும் பஸ் தொழிலாளர் சங்கத்தவரும் இருந்தார்கள். கருப்பையா, கோவிந்தசாமி என்ற தமிழ்ப் பெயர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. தேவன் நாயரும் இருந்தார். அவர் மலாக்கா, ஜாசின் பக்கத்துத் தோட்டத்துக் கிராணியின் மகன். அதற்கு முன்பே சிறை கண்டவர்.

ஆக, அந்தக் கட்சிக்கு அடித்தளம் போட்ட கைகளில் பல, சந்தாச் சீட்டு வைத்திருந்த கைகள்.

ஓட்டு வந்த வருடம்

1955 ஏப்ரல் 2ஆம் தேதி நடந்த தேர்தலில் 32 இடங்களில் 25 இடங்களை மக்கள் நிரப்பினார்கள். டேவிட் மார்ஷல் முதலாவது முதலமைச்சரானார். தேக்காவை ஒட்டிய ஃபேரர் பார்க் தொகுதியில் நின்ற தேவன் நாயர் தோற்றார். துறைமுகத் தொழிலாளரும் தபால்காரரும் நிறைந்த தஞ்சோங் பகாரில் லீ குவான் இயூ ஜெயித்தார்.

கதவு கொஞ்சம் திறந்ததும் அடக்கி வைத்திருந்த குறையெல்லாம் ஒரேயடியாகத் தெருவுக்கு வந்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 275 வேலை நிறுத்தங்கள். துறைமுக அலுவலர் சங்கத்தார் ஜமித் சிங் தலைமையில் 67 நாள் வேலைக்குப் போகவில்லை. ஹாக் லீ பஸ் கம்பெனித் தகராறு மே 12ஆம் தேதி கலவரமாக வெடித்து நாலு உயிர் போயிற்று.

இந்த ஆரவாரத்துக்குள் தொழிலாளிக்கு நல்லதும் நடந்தது. வாரத்துக்கு 44 மணி நேர வேலை என்ற வரம்பைத் தந்த தொழிலாளர் சட்டம் அந்த 1955ஆம் வருடத்தில்தான் நிறைவேறியது. சேமநிதியும் அந்த வருடம் ஜூலையில் ஆரம்பமானது. நம் பக்கம் இ.பி.எப். 1951லேயே வந்துவிட்டது என்பது தோழர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது சீட்டு

ஓட்டுக்கும் சந்தாவுக்கும் மத்தியில் இன்னொரு சீட்டு இருந்தது. அதுதான் பிரஜாவுரிமைச் சீட்டு. ‘நாலு காசு சேர்ந்ததும் ஊருக்குப் போயிடுவோம்’ என்று இருந்த நம்மவர்கள் பலர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. 1957ல் சிங்கப்பூரில் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. எட்டு வருடம் குடியிருந்தவர், இந்நாட்டுக்கே விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தால் பிரஜையாகலாம். சில மாதங்களுக்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிந்துகொண்டார்கள்.

தமிழ் முரசு பத்திரிகையை நடத்திய கோ.சாரங்கபாணி அப்போது செய்த காரியத்தை நாம் மறக்கலாகாது. ‘பதிந்துகொள்ளுங்கள், பதிந்துகொள்ளுங்கள்’ என்று ஓயாமல் எழுதினார். கையெழுத்துப் போடத் தெரியாத கூலிகளும் பிரஜையாக வேண்டும் என்று பாடுபட்டார். அன்று அலட்சியமாக இருந்தவர்கள் பிறகு வருந்தினார்கள்.

மலாயாவில் நம் கதியும் இதுதானே? 1955ல் நடந்த கூட்டரசுத் தேர்தலில் ஓட்டர்களில் இந்தியர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. சிவப்பு ஐ.சி.யோடு இருந்துவிட்டவர்களுக்கு 1969ல் வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது என்ன ஆயிற்று? ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் மூட்டை முடிச்சுகளோடு கப்பல் ஏறினார்கள். முப்பது நாற்பது வருடம் இதே மண்ணில் மரம் வெட்டியவர்கள்! பால் வாளி பிடித்த கை இருந்தது, சீட்டு இல்லை.

ஆறு கடக்கும் வரை

1959 மே 30ஆம் தேதி சிங்கப்பூருக்கு உள்நாட்டுச் சுயாட்சித் தேர்தல். ஓட்டுப் போடுவது கட்டாயம். 51 இடங்களில் 43ஐ மக்கள் செயல் கட்சி வென்றது. சிறையில் இருந்த எட்டுத் தோழர்களை விட்டால்தான் பதவி ஏற்போம் என்று கட்சி சொல்ல, ஜூன் 4ஆம் தேதி லிம் சின் சியோங், ஃபோங் சுவீ சுவான், தேவன் நாயர், ஜேம்ஸ் புதுச்சேரி, வுட்ஹல் முதலானவர்கள் வெளியே வந்தார்கள். எல்லோரும் சங்கத்தோடு சம்பந்தப்பட்டவர்கள். சந்தாச் சீட்டும் ஓட்டுச் சீட்டும் கைகோத்து நடந்த நாள் அது.

1960ல் தொழில் உறவுச் சட்டமும் தொழில் நடுவர் நீதிமன்றமும் வந்தன. முதலாளி இஷ்டத்துக்கு ஆளைத் தள்ள முடியாது. கூட்டு ஒப்பந்தத்துக்குச் சட்ட பலம் உண்டு. அதே சமயம் வழக்கு நடுவரிடம் போய்விட்டால் வேலை நிறுத்தம் கூடாது. நடுவர் மன்றத்தின் முதல் தலைவராக இருந்தவர் சார்ல்ஸ் காம்பா. நம்முடைய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதியவரும் அவரே.

ஆனால் ‘ஆறு கடக்கும் வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ’ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? 1961ல் கட்சி இரண்டாக உடைந்தது. சங்கங்களும் கூடவே உடைந்தன. ஒரு பக்கம் பாரிசான் சோசியாலிஸ் சார்பான சங்கக் கூட்டமைப்பு. மறுபக்கம் தேவன் நாயர் முன்னின்று அமைத்த தேசியத் தொழிற்சங்க காங்கிரஸ், அதாவது என்.டி.யூ.சி. 1963 பிப்ரவரி 2ஆம் தேதி விடியுமுன் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1959ல் மாலை போட்டு வெளியே அழைத்து வரப்பட்டவர்களில் சிலர் மறுபடியும் உள்ளே போனார்கள். அந்த வருட முடிவுக்குள் எதிர்ப் பக்கச் சங்கக் கூட்டமைப்பும் இல்லாமல் போயிற்று.

கட்சி உடைந்தால் சங்கம் ஏன் உடைய வேண்டும்? சந்தா கொடுத்தவனைக் கேட்டா உடைத்தார்கள்? இந்தக் கேள்வியை நாம் மனத்தில் போட்டு வைத்துக்கொள்வோம்.

விளக்குமாறு கீழே விழுந்த நாள்

இப்போது மறுபடி தேக்கா லயன்காரர்களிடம் வருவோம். 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் தனி நாடானது. ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம். முதல் போட வருகிறவன் வேலை நிறுத்தம் என்றாலே ஓடிப்போவான் என்பது சர்க்காரின் கவலை. 1966 ஆகஸ்டில் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். உறுப்பினரிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்திப் பெரும்பான்மை கிடைத்தால்தான் வேலை நிறுத்தம் செய்யலாம் என்றானது.

அரசாங்கத் தினக்கூலி ஊழியர் சங்கங்களின் சம்மேளனத் தலைவராக இருந்தவர் கே.சுப்பையா. 1961ல் செய்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து தீராமல் கிடக்கும் குறைகளைத் தீர்க்க வேண்டும் என்று 1966 அக்டோபரில் அவர் கெடு வைத்தார். டிசம்பர் கடைசியில் ஒரு வேலை நிறுத்தம். பிறகு பேச்சு. பிறகு மறுபடி முறிவு.

1967 பிப்ரவரி 1ஆம் தேதி தினக்கூலித் துப்புரவுத் தொழிலாளர் 2,400 பேர் விளக்குமாற்றைக் கீழே போட்டார்கள். அதன்பின் நடந்ததை அன்றைய பிரதமர் லீ குவான் இயூவே தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். வேலை நிறுத்தம் சட்ட விரோதமென்று சுப்பையாவும் மற்றப் பதினான்கு தலைவர்களும் கைது. சங்கப் பதிவை ஏன் ரத்துச் செய்யக்கூடாது என்று நோட்டீஸ். வேலைக்கு வராதவர்கள் தாங்களே வேலையை விட்டதாகக் கருதப்படுவார்கள். வேண்டுமானால் நாளைக்குப் புதிதாக மனுப் போடலாம் என்று சுகாதார அமைச்சின் அறிவிப்பு. மறுநாள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மனுப் போட்டார்கள். இரண்டு மாதத்தில் சங்கங்களின் பதிவு ரத்தானது.

அந்த ஒரு ராத்திரியைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். லயன் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் கூரையும் போகும். அடுப்படியில் பெண்சாதி, பாயில் பிள்ளைகள். ‘நாளைக்குப் போயி மனுப் போடுவமா வேண்டாமா?’ இந்த ராத்திரி எப்படி இருக்கும் என்பது தோட்டத்து லயத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

துப்புரவுத் தொழிலாளி கேட்டது தப்பென்று நாம் சொல்லமாட்டோம். சர்க்காரின் சங்கடம் பொய்யென்றும் சொல்லமாட்டோம். சில மாதங்கள் கழித்து, 1968 ஜனவரியில், பிரிட்டிஷ்காரன் தன் ராணுவத் தளங்களை மூடப் போவதாக அறிவித்தபோது ஆயிரக்கணக்கானவர் வேலை தொங்கலில் நின்றது உண்மை. நாம் கேட்பது ஒன்றுதான். 1959ல் அவர்கள் போட்ட ஓட்டு 1967ல் அவர்களைக் காப்பாற்றியதா? இல்லை. சங்கம் காப்பாற்றியதா? அதுவும் இல்லை. ஏன்? ஓட்டு வாங்கியவர்களிடம் எடுத்துப் பேசச் சங்கத்துக்குப் பலம் போதவில்லை. சட்டம் எந்த இடத்தில் கோடு கிழித்திருக்கிறது என்பதை ஒவ்வொரு உறுப்பினரும் அறிந்துதான் இறங்கினாரா என்பதும் சந்தேகம்.

1968ல் வேலைச் சட்டம் வந்தது. சம்பளத்தோடு லீவு, மருத்துவ லீவு, வார ஓய்வு எல்லாம் எல்லோருக்கும் ஒரே சீராக எழுதப்பட்டன. ஆனால் வேலை உயர்வு, இடமாற்றம், ஆட்குறைப்பு, வேலை நீக்கம் ஆகியவை பேச்சுவார்த்தை மேசையை விட்டு எடுக்கப்பட்டு முதலாளியின் கைக்குப் போயின. 1969 நவம்பரில் என்.டி.யூ.சி. மகாநாடு கூடிப் புது வழி எடுத்தது. சர்க்காரோடும் முதலாளியோடும் ஒரே மேசையில் உட்கார்வது. சந்தாப் பணத்தையும் உறுப்பினர் பலத்தையும் வைத்துக் கூட்டுறவு நடத்துவது. 1970ல் இன்சூரன்ஸ், டாக்சி. 1973ல் நியாய விலை மளிகைக் கடை. 1972 முதல் தேசியச் சம்பள மன்றம். தோட்டத்துக் கிராணி மகன் தேவன் நாயர் 1981ல் அந்நாட்டு ஜனாதிபதியானார். வீடு, கல்வி, மருத்துவம் எல்லாவற்றிலும் தொழிலாளி முன்னேறினான் என்பதை யாரும் மறுக்க முடியாது. தன் விருப்பப்படி வேலை நிறுத்தம் செய்யும் பழைய பலத்தை அதற்கு விலையாகக் கொடுத்தான் என்பதையும் மறுக்க முடியாது.

விளக்குமாறு பிடித்தவனுக்கு என்ன கிடைத்தது? 2014ல் முத்தரப்புப் பேச்சின் பலனாகத் துப்புரவுத் தொழிலாளிக்கு மாதம் குறைந்தது 1,000 வெள்ளி அடிப்படைச் சம்பளம் என்று சட்ட பலத்தோடு வந்தது. அதன்பின் படிப்படியாக உயர்ந்தும் வருகிறது. 1967க்கும் 2014க்கும் நடுவே 47 வருடம். அதுவும் அந்நாட்டுப் பிரஜைக்கும் நிரந்தரவாசிக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை தேக்காப் புல்தரையில் உட்கார்ந்திருக்கும் பெர்மிட் தொழிலாளிக்கு அந்த வரம்பு இல்லை.

அவனுக்கு ஓட்டு இல்லை. சங்கத்தில் உறுப்பினராகலாம், நிர்வாகியாக வேண்டுமானால் அமைச்சரின் அனுமதி வேண்டும். 2013 டிசம்பர் 8ஆம் தேதி ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்த ராத்திரி அங்கே மூண்ட கலவரத்தை உலகமே பார்த்தது. விபத்தைப் பற்றிய தவறான எண்ணமும் குடியும்தான் காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. இருக்கலாம். ஆனால் சீட்டு இல்லாத மனுஷனின் குரல் எந்த வழியாகப் போகும் என்ற கேள்வி அந்த அறிக்கையோடு தீர்ந்துவிடவில்லை.

நம் பக்கம் திரும்புவோம்

இப்போது கடற்பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வருவோம். தோட்டத் தமிழனுக்கு முதலில் வந்தது எது? சந்தாச் சீட்டுதான். 1954ல் பல சங்கங்கள் ஒன்றாகி, பி.பி.நாராயணன் காரியதரிசியாக, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அப்போது நம்மில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது. கவலைக்கிடமான அந்தக் காலத்தில் கங்காணியையும் துரையையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசும் தைரியத்தைத் தந்தது சங்கம். துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்க 1960ல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும், தொழிலாளி சிறுகச் சிறுகக் கட்டிய பணம்தான் மூலதனம்.

பிறகு ஓட்டு வந்தது. ஓட்டினால் சட்டம் வந்தது. 2013ல் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் என்று ஆரம்பித்து, 2025ல் 1,700 ரிங்கிட் ஆகியிருக்கிறது. இது சட்டசபைக் காரியம், ஓட்டின் பலன். ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் தோழர்களே, அந்த 1,700 உங்கள் சம்பளச் சீட்டில் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று யார் பார்ப்பது? மழை நாளில் வெட்டு இல்லையென்றால் கணக்கு எப்படி? குலையின் எடையை யார் எழுதுகிறார், யார் சரிபார்க்கிறார்? தோட்டத்தை விற்றால் லயத்து வீட்டின் கதி என்ன? இதையெல்லாம் கேட்க எம்.பி. தினமும் ஆபீஸ் வாசலுக்கு வரமாட்டார். அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. அது அவர் வேலை அல்ல. அது தோட்டத்துக் கிளைச் செயலாளரின் வேலை. ஓட்டு சட்டத்தைச் செய்யும்; அந்தச் சட்டம் லயத்து வாசல்வரை வருகிறதா என்று பார்ப்பது சங்கம்.

இதை நாம் சொல்வதால் சங்கத் தலைவர்கள் மார் தட்டிக்கொள்ளவும் வேண்டாம். சந்தா என்பது கோயில் உண்டியல் அல்ல, போட்டுவிட்டுக் கும்பிட்டுப் போவதற்கு. இளவட்டங்கள் ‘சங்கம் என்ன செஞ்சுச்சு?’ என்று கேட்டால் கோபப்படக் கூடாது; கணக்கைக் காட்ட வேண்டும். கட்சிக்காரனுக்குத் தோள் கொடுத்துத் தோள் கொடுத்து, கடைசியில் அவனோடு சேர்ந்து உடைந்து போன சங்கங்களைச் சிங்கப்பூரில் பார்த்தோம்.

கடிதம் எழுதிய அன்பருக்கு நம் பதில் இது. சந்தாவை நிறுத்தப் போகிற பத்துப் பதினைந்து பேரையும் ஒரு சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வையுங்கள். கிளைச் செயலாளரையும் கூப்பிடுங்கள். கூட்டு ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கி, படித்த பிள்ளை ஒருவரைத் தமிழில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவரவர் சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எழுதியிருப்பதற்கும் கையில் வாங்குவதற்கும் எங்கெங்கே வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வருடாந்தரக் கூட்டத்தில் அதைக் கேளுங்கள். பதில் சொல்லாத நிர்வாகியை ஓட்டுப் போட்டு மாற்றுங்கள். சங்கத்துக்குள்ளும் உங்களுக்கு ஓட்டு இருக்கிறது!

அடுத்த லயத்தில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து குலை வெட்டுகிறவர்களையும் மறந்துவிடாதீர்கள். நேற்று நம் தாத்தா நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்குக் குறைத்துக் கொடுக்க முடிகிறவரை முதலாளி நமக்குக் கூட்டிக் கொடுக்கமாட்டார்.

இன்னும் ஒன்று. வீட்டில் பதினெட்டு வயது முடிந்த பிள்ளையின் பெயர் ஓட்டர் பட்டியலில் இருக்கிறதா? 2021 டிசம்பரிலிருந்து பெயர் தானாகவே ஏறுகிறது. ஆனாலும் சரியான தொகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறப்புப் பத்திரம், ஐ.சி. இல்லாத ஒருவர்கூட உங்கள் லயத்தில் இருக்கலாகாது. 1969ல் கப்பல் ஏறியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டிரங்குப் பெட்டியில் தாத்தா மடித்து வைத்த சந்தாச் சீட்டு இன்னும் சில வீடுகளில் இருக்கும். ஓட்டு இல்லாத காலத்தில் அவர் கையில் இருந்த ஒரே சீட்டு அது. இன்று நம் கையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று வந்துவிட்டதே என்று மற்றொன்றைக் கிழித்தெறிய வேண்டாம்.

அந்தச் சாயங்காலக் கூட்டம் எப்படி நடந்தது என்று நமக்கு எழுதுங்கள். பெயர் போடாமல் வெளியிடுகிறோம்.